அஞ்சு நாள் சேலைக்குக் கிடைத்த கடிகாரம்

ஆரணியிலிருந்து கண்ணமங்கலம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு நெசவாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர் சொன்னதைக் கேட்டு நான் பேப்பரை மடித்து வைத்தேன்.

"வேகமா நெய்யறது தெருவுக்கே செய்யற துரோகம்ணா. எனக்கு லேட்டாதான் புரிஞ்சுது."

"ஏம்பா, இன்னா ஆச்சு?" என்றார் பக்கத்திலிருந்த நரைமீசைக்காரர்.

"எல்லாரும் ஒரு சேலைக்கு ஏழு நாள் எடுப்பாங்க. நான் அஞ்சே நாள்ல முடிச்சேன். தீபாவளிக்கு முதலாளி அத்தினி பேரையும் நிக்க வெச்சி, எனக்கு மட்டும் சுவர்க் கடிகாரம் குடுத்தாரு."

"நல்ல விசயந்தானே."

"குடுத்துட்டு, இவனால முடியுது, உங்களுக்கு இன்னா கேடுன்னு மத்தவங்களைக் கேட்டுட்டாரு. அடுத்த வாரம் தெருவுல பாவு நூலை நீளமா இழுத்துக் கட்டறேன், புடிக்க ஒருத்தன் வரல. நானும் என் பொண்டாட்டியும் பட்டு நூலைப் புடிச்சிகினு வெயில்ல நிக்கறோம். ஒரே பேஜாரு."

"அப்புறம்?"

"நானும் ஏழு நாளுக்கு வந்துட்டேன். இப்ப கூப்புடாமயே பாவு புடிக்க வரானுங்க."

"முதலாளி சும்மா வுட்டாரா?"

"ஏன்டா சோம்பேறி ஆயிட்டன்னாரு. நீங்க குடுத்த கடிகாரந்தாங்க காரணம்னேன். முன்னல்லாம் மணி தெரியாம இருட்டற வரைக்கும் நெய்வேன். இப்ப அது அஞ்சு அடிச்சா எழுந்துடறேன்."

மீசைக்காரர் சிரிக்கவில்லை. "அதுக்கு இன்னா சொன்னாரு?"

"இந்தத் தீபாவளிக்கு எல்லாருக்கும் லுங்கிதானாம். கடிகாரம் எவனுக்கும் கெடையாதாம்."