மாப்பிள்ளை கொண்டுவரும் சீர்

மங்கையர் மன்றத்தின் மாண்பைக் காக்கும் தலைவி விசாலாக்ஷி அம்மாள் அவர்களே, மயிலாப்பூர் வெயிலிலும் மனம் வாடாமல் வந்திருக்கும் பெரியோர்களே, மடியில் பையோடும் மனதில் பாரத்தோடும் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, தப்பித்து ஓட வசதியாக வாசல் பக்கமே நாற்காலி பிடித்திருக்கும் வீட்டுக்காரர்களே, வணக்கம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூட்டத்து அழைப்பிதழில் 'விந்தணு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதன்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்தபடிதான் பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, "யாருக்குக்கா கல்யாணம்?" என்றார். "தம்பிக்கு" என்று சொல்லிவிட்டேன். வாழ்த்திவிட்டு மந்தைவெளியில் இறங்கினார்.

அந்தத் தம்பி அசோகனுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறான். இப்போது கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் இருக்கிறான். ஒளியாதே ராசா, தூண் ஒல்லி.

அவன் மனைவி ஜானகியிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். இந்த ஆறு வருடமும் ஊசி யாருக்கு? ஜானகிக்கு. விரதம் யாருக்கு? ஜானகிக்கு. அரசமரத்தைச் சுற்றியது யார்? ஜானகி. மரத்துக்கே தலை சுற்றியிருக்கும். இவனுக்கோ ஒரே ஒரு பரிசோதனை. எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று ஒரு தாள் வந்தது. அதைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டாததுதான் பாக்கி.

ஆய்வகத்தில் இரண்டு முறை கரு உருவாகி, இரண்டு முறையும் சில நாளில் வளராமல் நின்றுவிட்டது. எங்கள் அம்மா உடனே தீர்ப்பு சொல்லிவிட்டார்: "அவளாண்டதான் கோளாறு கீது. தை பொறந்தா இவனுக்கு வேற பொண்ணு பாக்கலாம்." ஜானகி பெட்டியில் புடவை அடுக்க ஆரம்பித்தாள். நான் அவளை டாக்டர் ஆனந்தகுமாரிடம் இழுத்துப் போனேன்.

"எண்ணிக்கை மட்டும் போதாதும்மா" என்றார் அவர். "விந்தணு அப்பாவோட மரபணுவை மட்டும் தூக்கிட்டு வர்றதில்லை. சிறு ஆர்.என்.ஏ.ன்னு பொடிப்பொடியா இன்னும் சிலது கூடவே வருது. கரு வளர ஆரம்பிக்கிறப்போ எந்த மரபணு வேலை செய்யணும், எது அடங்கி இருக்கணும்ங்கறதுல அதுக்கும் பங்கு இருக்கும்போல. அப்பா சாப்பாடு, சிகரெட், மனக்கவலை இதெல்லாம் அதை மாத்தலாம். எலியில பாத்திருக்காங்க. மனுஷங்கள்ல இன்னும் ஆராய்ஞ்சிட்டிருக்காங்க."

சபையோரே, பெண் வீட்டுச் சீரைத் தட்டுத் தட்டாக எண்ணத் தெரிந்தவர்கள் நாம். ஒரு குடம் ஒடுங்கியிருந்தால் ஒரு மாதம் பேசுவோம். மாப்பிள்ளை உடம்பு கொண்டுவரும் சீரை எவராவது எண்ணினோமா? புகை படிந்த சீரா, தூக்கம் தொலைத்த சீரா என்று புரட்டிப் பார்த்தோமா? அவள் வயிற்றை மட்டும் எத்தனை நாள் விசாரிப்பீர்கள்?

என்ன பாய்? டீ ஊற்றுகிற வலியுல்லா பாய் கேட்கிறார்: "அப்ப தப்பு ஆம்பள மேலயாக்கா?" பழியை இங்கிருந்து தூக்கி அங்கே வைக்கச் சொல்லவில்லை பாய். அசோகனால்தான் என்று டாக்டரும் சொல்லவில்லை. இரண்டு பேரையும் பார்க்க வேண்டும் என்கிறார். சிகரெட்டை விட்டு, நேரத்தில் தூங்கி, மறுபடி பரிசோதனைக்கு வா என்கிறார்.

அதற்கு என் தம்பி சொன்ன பதில்: "லேப்காரன் நம்ம கஸ்டமருக்கா. நாளைக்கு குக்கர் வாங்க வந்தான்னா எப்புடி அவன் மூஞ்சில முழிப்பேன்?"

ஜானகி ஆறு வருடமாக எத்தனை பேர் மூஞ்சியில் முழித்திருக்கிறாள், நைனா?

பஸ்ஸில் கட்டைவிரலால் மறைத்த நானே மைக்கில் சொல்கிறேன்: விந்தணு. கூரை இடிந்து விழவில்லை. அதோ மேசையில் பரிசோதனைக்கான மூடி போட்ட டப்பாக்கள் வைக்கச் சொல்லியிருக்கிறேன். தம்பி, பேரைச் சொல்லி ஒன்றை வாங்கிப் போ. ஜானகியின் பெட்டி இன்னும் கட்டிலடியில் இருக்கிறது. அவள் அதைப் பிரிப்பாளா, தூக்குவாளா என்பது நீ அந்த மேசைவரை நடப்பதில் இருக்கிறது.

எழுந்துவிட்டான். கைதட்டாதீர்கள், கூச்சக்காரன், திரும்ப உட்கார்ந்துவிடுவான். சிகரெட் பாக்கெட்டை ஜானகி கையில் கொடுத்துவிட்டு நடக்கிறான். அவள் சிரிக்கிறாள். பார்த்து எத்தனை நாளாயிற்று.

பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கும், பேசவிட்ட தலைவிக்கும் நன்றி, வணக்கம்.

தம்பி, கொஞ்சம் நில். டப்பா தீர்ந்துவிட்டதாம். கிளாஸ் பற்றாமல் வலியுல்லா பாய் அவற்றில்தான் டீ ஊற்றியிருக்கிறார். தலைவி அம்மாள் இரண்டாவது டப்பா குடித்துக்கொண்டிருக்கிறார்கள்.