பத்துக்குப் பத்து வாங்கிய உறக்கமின்மை

தலைமையேற்றிருக்கும் படிப்பகத் தலைவர் பொன்னுலிங்கம் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, வயலில் நின்று களைத்தும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, கொட்டாவியை அடக்கிக் கேட்கும் என் ஊராரே, வணக்கம்!

கல்லூரி வாசலை மிதிக்காதவன் நான். கற்றதெல்லாம் இந்தப் படிப்பகத்துப் பெஞ்சில். உறக்கம் கெடுக்கும் எண்ணங்களை அளக்க ஓர் அளவுகோல் உண்டென்றால் அதைப் பழிக்கமாட்டேன். 'இன்று உறங்காவிட்டால் நாளை தொலைந்தேன்' என்று அஞ்சியஞ்சியே உறக்கத்தை விரட்டுகிறவர்கள் இல்லையா? அந்த அச்சத்தை அளக்கட்டும். அளந்த அழகுதான் என்ன?

சென்ற மாதம் நகரத்திலிருந்து உறக்க முகாம் வந்தது. இப்படிப்பட்ட அச்ச வாக்கியங்களை வாசித்து, ஒவ்வொன்றையும் எவ்வளவு நம்புகிறீர்கள், பூஜ்யம் முதல் பத்துவரை மதிப்பெண் போடுங்கள் என்றார்கள். கேட்க வந்தவள் இந்துஜா என்றொரு மாணவி. நம் ஓமனா அம்மாள் என்ன சொன்னார்?

"பிள்ள வெயிலத்து நிக்குது. கொறச்சுப் போட்டா மனசு வாடாதா? எல்லாத்துக்கும் பத்து போட்டுக்கோ மக்கா."

சிரிக்கிறீர்களா தாய்மாரே? நீங்களும் பத்துதானே போட்டீர்கள்! கோபத்தில் எல்லாவற்றுக்கும் பூஜ்யம் போட்டவன் நான் ஒருவன். முடிவு? ஊரே தவறான நம்பிக்கையால் உறக்கம் இழந்ததாம். கண்மூடி உறங்கி மாதக்கணக்காகிவிட்ட நான் மட்டும் குறையற்றவனாம்!

இதோடு போயிருந்தால் நானும் சிரித்திருப்பேன். கல்குவாரி லாரிகள் இரவில் நம் தெருவில் ஓடக்கூடாது என்று மனு கொடுத்தோமே? 'கோளாறு லாரியில் இல்லை, மக்கள் மனத்தில்' என்று முகாம் முடிவைக் காட்டி மனுவைத் தள்ளப் பார்க்கிறார்கள் அதிகாரிகள். வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை.

என்ன கிருஷ்ணமணி, கடிகாரத்தைக் காட்டுகிறீர், நேரமாயிற்றா? இரும் ஓய், உறங்கவா போகிறீர்?

ஓமனா அம்மாளிடம் நானே மறுபடி கேட்டேன். மதிப்பெண் வேண்டாம், மனத்தில் உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன்.

"சாஞ்சதும் அடுத்த வண்டி எப்பம் வருமோன்னு காது காத்துக் கெடக்கும். வண்டி வராத நாளும் அப்படித்தான்."

கேட்டீர்களா? இதுவல்லவா அளக்க வேண்டிய எண்ணம்! அதை விதைத்தது யார்? அம்மாளா, லாரியா? முதலில் லாரியை நிறுத்துங்கள். அதன் பிறகும் அவர் விழித்துக் கிடந்தால் அளவுகோலோடு வாருங்கள். நானே பக்கத்திலிருந்து வாசித்துக் காட்டுகிறேன்!

வெள்ளிக்கிழமை விசாரணைக்கு எல்லோரும் வாருங்கள். ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன்: அதிகாரியின் மனம் வாடுமே என்று அங்கேயும் யாரும் இரக்கப்பட்டுவிடாதீர்கள்!

பொறுத்துக் கேட்ட உங்களுக்கு என் நன்றி. நிம்மதியாக உறங்குங்கள் என்று வாழ்த்த ஆசைதான். அந்த வாழ்த்தை வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சொல்கிறேன். வணக்கம்.