லைவில் ஒரு பிரசவம்

பொங்கல் லீவு முடிந்த முதல் காலை. தாம்பரத்தில் லேடீஸ் பெட்டியில் ஏறிய ஒரு டீச்சர், என் எதிரே உட்கார்ந்ததும் தோழியிடம் சொன்னார்: "இன்னிக்கு எப்படியும் குழந்தை பொறந்துடும்டி. நான்தான் பக்கத்துல இல்ல."

தோழி பதறவேயில்லை. "அந்தக் கழுகை இன்னும் நீ விடலியா?"

"லீவு பூரா நெட்ல வேற என்னத்தப் பாத்தேன்? எங்கயோ வெளிநாட்ல, மரத்து உச்சியில கேமரா வெச்சு லைவா காட்டறாங்க. நேத்து முட்டையில விரிசல் விட்டுடுச்சு. இன்னிக்குன்னு பாத்து ஸ்கூலு. அங்க போனை வாங்கி வெச்சுடுவாங்க."

"அப்ப யாரு பாத்துக்கறா?"

"மாமியார்தான். 'உனக்கு வேற வேலையே இல்லியா'ன்னு திட்டினவங்க, இப்ப டிவியில போட்டுட்டு நகரவே மாட்டேங்கறாங்க."

பல்லாவரம் வருவதற்குள் போன் அடித்தது.

"அத்தை! வந்துடுச்சா?"

டீச்சர் கத்திய கத்தலில், மூலையில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாகூட எழுந்து வந்துவிட்டார். "காட்டும்மா, காட்டும்மா" என்று நாலைந்து தலைகள் நெருங்கின.

டீச்சர் போனை மார்போடு அணைத்துக்கொண்டார். "கோச்சுக்காதீங்கக்கா. கண்ணு பட்டுடும், யாருக்கும் காட்டாதேன்னு அத்தை சொல்றாங்க."

"ஊரு உலகமே பாத்துட்டு இருக்கேடி!" என்றார் தோழி.

"அதனாலதான், டிவி முன்னாடி நின்னு உப்பும் மிளகாயும் சுத்திப் போடறாங்களாம்."