கப்பலை மூழ்கவிடாத பெட்டி

...மூணாவது ஆளும்மா நீ. மூணாவது! பையை அந்த நாற்காலியில வை. இல்ல இல்ல, அதுல புத்தகம் இருக்கு, இதுல வை. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவங்கன்னு சொல்லிக்கிட்டு இந்த மாசம் ரெண்டு பேரு வந்து தண்ணி குடிச்சிட்டுப் போனாங்க. அவ்வளவுதான் நடந்துச்சு. பானையில தண்ணி குறைஞ்சுது, பெட்டியில சூடு குறையலை.

மொத ஆளு தொப்பிக்காரரு. வீட்டுக்குள்ள வந்தும் கழட்டலை. ப்ராசஸர் சூடாகுதுங்கன்னாரு. அதான் எனக்கே தெரியுமே, திரையிலயே எழுதிக் காட்டுதே! பல்லு தேய்க்கிற பசை மாதிரி எதையோ அது தலையில தடவினாரு. கால் மணி நேரம் பார்த்துட்டு, "இப்ப ஜில்லுனு இருக்கும்மா" அப்படின்னாரு. அவரு போனதும் வாசிக்க உட்கார்ந்தேன். இருபதே நிமிஷம். டப்புனு அணைஞ்சுபோச்சு.

ரெண்டாவது ஆளைப் பத்திப் பேசவே கூடாது. பேசுறேன். ஊதுற மெஷின் ஒண்ணைக் கொண்டுவந்து ஊதினாரு. உள்ள இருந்த தூசி பூரா என் திரைச்சீலை மேல. ஊதி முடிச்சுட்டு, "எல்லாம் சரியா இருக்கு, நீங்க உபயோகிக்கிற விதத்துலதான் ஏதோ தப்பு"ங்கிறாரு! நான் அது முன்னாடி உட்கார்ந்து புத்தகம் வாசிக்கிறேன். அது மேல துணியா துவைக்கிறேன்?

ஆமாம்மா, வாசிக்கிறதுதான் வேலை. கண்ணு தெரியாதவங்களுக்குப் புத்தகத்தைச் சத்தமா வாசிச்சு, பதிவு பண்ணி, ஒலிப்புத்தக நிலையத்துக்கு அத்தியாயம் அத்தியாயமா அனுப்பணும். பதினாறு புத்தகம் முடிச்சிருக்கேன். இது பதினேழாவது. இதுல ஒரு கப்பல் மூழ்குற அத்தியாயம் இருக்கு... மூணு தடவை மூழ்கடிச்சாச்சு, ஒரு தடவையும் பதிவு முடியலை. மாலுமி "படகை இறக்குங்கடா"ன்னு கத்துவான், திரை இருண்டுடும். கேட்கிறவரு ஒருத்தரு போன் பண்ணி, "ஏம்மா, அந்த ஜனங்க பொழைச்சாங்களா இல்லையா?"ன்னு கேட்டாரு. என்னத்தைச் சொல்ல? ஐயா, என் பெட்டியில சூடு, நீங்க நடுக்கடல்லயே இருங்கன்னா?

இந்த அத்தியாயம் இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள வரலைன்னா மிச்சத்தை வேற ஆளு வாசிப்பாங்கன்னு நிலையத்துல சொல்லிட்டாங்க. யாரு தெரியுமா அந்த வேற ஆளு? மூக்கால வாசிக்கிறவ! ஜலதோஷம் பிடிச்ச கடலைக் கேட்டிருக்கியா நீ? இருநூறு பக்கம் என் குரல்ல வந்த கதை, சாவு மட்டும் அவ மூக்குலயா வரணும்?

அங்க என்ன எட்டிப் பார்க்கிறே? அவரா? என் வீட்டுக்காரரு. சீட்டு அடுக்கிக்கிட்டு இருக்காரு. முன்னெல்லாம் தினம் ஒரு மணி நேரம் இந்தப் பெட்டியிலதான் ஆடுவாரு. நீங்க ஆடி ஆடித்தான் சூடேறுதுன்னு நிறுத்திட்டேன். "நான் ஆடறப்ப ஒரு தடவைகூட அணையலையே"ன்னாரு. பேசாதீங்கன்னேன். மனுஷன் அன்னிலேர்ந்து நிஜமாவே பேசுறதில்லை. சரி, வீடு அமைதியா இருக்கு, பதிவுக்கு நல்லதுதான்.

என்னது? சூடு நாப்பது டிகிரிதானா? கோளாறு ஒண்ணுமே இல்லையா? அட, நீயுமா! பொம்பளை வந்திருக்கா, கொஞ்சம் உத்துப் பார்ப்பான்னு நெனைச்சேனே! மூடியில ஸ்க்ரூ எங்கயா? கழட்டி வெச்சிருக்கேன், அதை விடு. கிளம்பாதே. இரு. உன் கண்ணு முன்னாடியே வாசிச்சுக் காட்டுறேன். அப்ப தெரியும், யாரு உபயோகிக்கிற விதத்துல தப்புன்னு.

இதோ... மைக் ஆச்சு. கதவைச் சாத்திக்கோ. தண்ணி பக்கத்துல. கண்ணாடி... கண்ணாடி போட்டுத்தான் இருக்கேன். ஒரு நிமிஷம், இந்த மூடியைத் தள்ளி, இந்த ஒயரைப் பிடுங்கிட்டா... ஆங், நின்னுபோச்சு பாரு அந்த இரைச்சல்! இப்ப ஆரம்பிக்க...

ஏன் அப்படி முழிக்கிறே?

ஆமா, பெட்டிக்குள்ள சுத்துற விசிறியோட ஒயருதான். தெரியாமலா பிடுங்குவேன்? ஒரு மாசமா ரீங்... ரீங்னு வண்டு மாதிரி பதிவு பூராவும் கேட்குது. நிலையத்துல திருப்பி அனுப்பிட்டாங்க, பின்னாடி இரைச்சல்னு. பிடுங்கிட்டு ஆன் பண்ணினா விசிறி இல்லைன்னு திரையில எழுதித் திட்டுது. அதனால ஆன் ஆனப்புறம் பிடுங்குவேன். நானே கம்பளி போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், இந்தக் குளிர்ல அதுக்கு என்ன விசிறி வேண்டிக் கிடக்கு?

முன்னாடி வந்த ரெண்டு பேருகிட்டயா? ஏன் சொல்லணும்? அவங்க வர்றதுக்கு முன்னாடி ஒயரைச் சொருகி, தூசி தட்டி, நல்லபடியாத்தான் வெச்சிருந்தேன். உனக்கும்தான். வெளி ஆளு வர்றப்ப பெட்டியைத் தொங்கத் தொங்கவா வெச்சிருப்பாங்க? அவரு ஆடறப்ப... அவரு ஆடறப்ப எதுக்குப் பிடுங்கணும், அப்ப பதிவா பண்றோம்...

...

தொண்ணூறா? அதுக்குள்ளயா? சொருகும்மா, சொருகு, சொருகு! அதை என்னைப் பார்த்துச் சிரிக்காம சொருக மாட்டியா?

சரி. விசிறி ஓடினா வண்டு. விசிறி நின்னா அடுப்பு. அப்ப என் கப்பல்? ...என்ன? பெட்டியை வெளிய கூடத்துல வெச்சுட்டு ஒயரை மட்டும் கதவுக்கு அடியில விடணுமா? திரையும் மைக்கும் மட்டும் உள்ள... அட. அட! நீளமான ஒயரு உன் பையில இருக்கா? இதை அந்தத் தொப்பி சொன்னாரா? ஊதினவரு சொன்னாரா? ஒயரு விஷயத்தை மறைச்சு நான்தான் சொல்ல விடலை. ஒத்துக்கிறேன். மணி மூணுதானே ஆகுது, ஒரு அத்தியாயம் முக்கால் மணி நேரம்... ஆயிடும்.

பெட்டியை நீ ஒருத்தியா தூக்க வேண்டாம், ஒயரு மேல கால் வெச்சுடுவே. கூட ஒரு ஆளு பிடிக்கணும். எனக்கு இடுப்பு... சரி, கதவைத் திற. நான்தான் கூப்பிடணும், வேற யாரு.

ஏங்க... ஏங்க! சீட்டை வெச்சுட்டு இங்க வாங்க.

இல்லைங்க, திட்டுறதுக்கு இல்லை. வாங்க.