அறை வெப்பநிலையில் ஆயிரம் மணி நேரம்

நாகம்மாள்: டப்பாவைத் திறந்து திறந்து பாக்காதீங்க பாப்பா. மூடி வைங்க. கரண்ட் வந்துடும்.

இர்ஃபானா: கரண்ட் வந்தா என்னக்கா ஆகும்? லைட் எரியும். இந்தக் கண்ணாடி இன்னும் நல்லா மஞ்சளாத் தெரியும்.

நாகம்மாள்: முழுசா மஞ்சள் இல்லியே... அந்த மூலையில பாருங்க, கறுப்பு இருக்கு.

இர்ஃபானா: அது உங்க நிழல். தள்ளி நில்லுங்க, போயிடும்.

நாகம்மாள்: இந்தா, தள்ளிட்டேன்.

இர்ஃபானா: போயிடுச்சா?

நாகம்மாள்: நேத்து சாயங்காலம்கூட கறுகறுன்னுதானே இருந்துச்சு.

இர்ஃபானா: நான் பூட்டிட்டுப் போறப்ப கறுப்பு. எட்டரைக்கு வந்து திறந்தா எலுமிச்சம்பழம். இப்ப மணி பத்து. பதினொண்ணுக்கு வைவா. ஆறு வருஷம்க்கா... ஒரு நகத்தளவு கண்ணாடி.

நாகம்மாள்: வைவான்னா அந்த டெல்லிக்காரர் கேள்வி கேக்குறதுதானே? நேத்து வரைக்கும் கறுப்பா இருந்துச்சுன்னு சொல்லுங்க. பெருக்குறவ நான் சாட்சி.

இர்ஃபானா: என் தீசிஸ் தலைப்பு தெரியுமா உங்களுக்கு? "அறை வெப்பநிலையில் ஆயிரம் மணி நேரம் நிலைத்து நிற்கும் பெரோவ்ஸ்கைட்". அந்தப் பதினேழாம் நம்பர் கண்ணாடியை என் கண்ணால பாக்கணும்னு அவர் லெட்டரே போட்டுட்டார். கறுப்பாப் பாத்தா எனக்கு டாக்டர் பட்டம். மஞ்சளாப் பாத்தா எங்க ஊர் அதிராம்பட்டினத்துக்கு அடுத்த பஸ்.

நாகம்மாள்: அது என்னதான் பெரோ... வாயிலேயே நுழைய மாட்டேங்குது. கறுப்பா இருந்தா என்ன, மஞ்சளா இருந்தா என்ன? ரெண்டும் ஒரே சரக்குதானே?

இர்ஃபானா: ஒரே சரக்குதான். உள்ள அணுவெல்லாம் நிக்கிற அடுக்குதான் வேற. நூத்தம்பது டிகிரி சூடு காட்டினா ஒழுங்கா வரிசையில நிக்கும். அது கறுப்பு. வெயிலைக் குடிச்சுக் கரண்ட் குடுக்கும். ஆறினா மெதுவா வரிசை கலைஞ்சு அதுபாட்டுக்கு வேற மாதிரி உக்காந்துக்கும். அது மஞ்சள். வெயில் அடிச்சா அதுக்கென்ன, மழை பேஞ்சா அதுக்கென்ன.

நாகம்மாள்: சார் ரவுண்ட்ஸ் வர்றப்ப எல்லாரும் விறைப்பா நிப்போமே... அவர் தலை மறைஞ்சதும் ஸ்டூலைத் தேடுவோமே...

இர்ஃபானா: அதேதான். இந்த ஐப்பசி ஈரம் வேற. ஈரம் பட்டா இன்னும் சீக்கிரம் உக்காந்துக்கும்.

நாகம்மாள்: ஈரத்தைப் பத்தி எங்கிட்ட சொல்றீங்களா? எங்க குறுவை நெல்லு எட்டு நாளா கொள்முதல் நிலையத்து வாசல்ல, ரோட்டுல, தார்ப்பாய்க்குக் கீழ கெடக்கு. மெஷினை உள்ள விட்டுப் பாத்துட்டு இருபத்திரண்டு ஈரம்ங்கிறான். பதினேழுக்கு மேல வாங்க மாட்டானாம். ராத்திரி மழைக்கு இப்ப முளையே விட்டிருக்கும்.

இர்ஃபானா: உங்க நெல்லாவது முளைக்குதுக்கா...

நாகம்மாள்: சும்மா இருங்க. கரண்ட் எப்ப வருமாம், கேட்டீங்களா?

இர்ஃபானா: லைன்ல மரம் விழுந்திருக்காம். நீங்க ஏன் காலையில இருந்து கரண்ட்டு கரண்ட்டுன்னே...

இளஞ்செழியன்: இர்ஃபானா! என்ன, மணமகள் தயாரா?

நாகம்மாள்: உங்க கைடு சார் வந்துட்டார். மூடுங்க, மூடுங்க.

இளஞ்செழியன்: மூடியே இருக்கட்டும்! அதான் சரி. இந்தா, வெல்வெட் பெட்டி. நகைக்கடையில சொல்லி வாங்கினேன். டெல்லிக்காரர் முன்னால நான்தான் திறப்பேன். விளக்கை அணைப்போம், ஒரு நிமிஷம் அமைதி, அப்புறம் பெட்டி. "தஞ்சையின் கறுப்பு வைரம்!" கேட்டுல ஃப்ளெக்ஸ் பாத்தியா?

நாகம்மாள்: மழையில சரிஞ்சு வாய்க்கால்ல கெடக்கு சார். உங்க படம் மட்டும் மேல மிதக்குது.

இளஞ்செழியன்: ...எடுத்துக் கட்டச் சொல்லு.

இர்ஃபானா: சார், ஒரு விஷயம் சொல்லணும். அந்தக் கண்ணாடி...

இளஞ்செழியன்: எல்லாம் எனக்குத் தெரியும்மா. பதற்றம். என் வைவா அன்னிக்கு எனக்கும் இருந்துச்சு, யாருக்கும் தெரியாம பாத்துக்கிட்டேன். நீ எதையும் விளக்காதே. தீசிஸ்ல நான் எழுதின காவிரிப் பகுதியை மட்டும் என்கிட்ட விட்டுடு.

இர்ஃபானா: அந்தக் காவிரிப் பகுதிதான் சார்...

இளஞ்செழியன்: அங்கதான் உலகமே நம்மளைத் திரும்பிப் பாக்கப் போகுது! ஜெர்மனிக்காரன் முடியலன்னான். ஜப்பான்காரன் முடியலன்னான். ராசராசன் கட்டினதும் ஆயிரம் வருஷம் நிக்குது, நம்ம கண்ணாடியும் ஆயிரம் மணி நேரம் நிக்குது. இந்த மண்ணு அப்படிம்மா.

நாகம்மாள்: சார், இந்த லேபுக்கும் ஜெனரேட்டர்ல இருந்து ஒரு ஒயர் இழுத்து விட்டா...

இளஞ்செழியன்: ஜெனரேட்டர் செமினார் ஹால் ஏசிக்கே மூச்சு வாங்குது. லேபுல இன்னிக்கு என்ன வேலை? ஆராய்ச்சிதான் முடிஞ்சுடுச்சே!

நாகம்மாள்: மாடியில நம்ம சோலார் பலகை பன்னெண்டு இருக்கே சார்.

இளஞ்செழியன்: அது திறப்பு விழாவுக்கு வச்சது நாகம்மா. இணைப்பு குடுக்கல. ஆங்... இர்ஃபானா, இன்னொரு சந்தோஷம். கண்ணாடியைக் கையோட டெல்லிக்கு எடுத்துட்டுப் போறேன்னுட்டார். அவங்க லேபுல ஒரு மாசம் வச்சுப் பாப்பாங்களாம். நான் உடனே சரின்னுட்டேன். பத்தே முக்காலுக்குப் பெட்டியோட வந்துடு.

இர்ஃபானா: சார்... சார்!

நாகம்மாள்: போயிட்டார்.

இர்ஃபானா: டெல்லிக்காம்.

நாகம்மாள்: போகட்டுமே. மொதல்ல இன்னிக்குப் பொழுது போகட்டும். பாப்பா... நான் ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே? கேன்டீன்ல கேஸ் அடுப்பு. கரண்ட்டே வேணாம். தோசைக்கல்லு நல்லா காஞ்சிருக்கும். பத்து நிமிஷம்...

இர்ஃபானா: அக்கா! இதுல ஈயம் இருக்கு. ஹாஸ்டல் பிள்ளைங்க சாப்பிடுற கல்லு அது.

நாகம்மாள்: ஐயோ... அதை நான் யோசிக்கல.

இர்ஃபானா: அதோட, சூடு காட்டிக் கறுப்பாக்கிக் காட்டினா அது பொய். எந்த மடையனும் சூட்டுல கறுப்பாக்குவான். சும்மா, இந்த ரூம்ல, தானா நின்னுச்சுன்னு எழுதியிருக்கேன். அடுப்புல வச்சு எடுத்துட்டுத் தானா நின்னுச்சுன்னு சொல்லவா?

நாகம்மாள்: சரி, அடுப்பு வேணாம்.

இர்ஃபானா: பதினாறு கண்ணாடி போட்டேன். பதினாறும் ரெண்டு நாள் தாண்டல. பதினேழு மட்டும் எட்டு மாசம். ஏன்னு விளக்கி சார் முப்பது பக்கம் எழுதியிருக்கார்.

நாகம்மாள்: என்னன்னு எழுதியிருக்கார்?

இர்ஃபானா: காவிரித் தண்ணியில இருக்கிற ஏதோ தாது உள்ள போய் அடுக்கைக் கலைய விடாம பிடிச்சுக்கிச்சாம்.

நாகம்மாள்: இந்த லேபுக்கு போர் தண்ணிதானே வருது?

இர்ஃபானா: முப்பது பக்கத்துல அது ஒண்ணுதான் வரல.

நாகம்மாள்: சிரிக்காதீங்க பாப்பா. நீங்க இப்படிச் சிரிச்சா பயமா இருக்கு.

இர்ஃபானா: உம்மா காலையில போன் பண்ணுச்சு. தெருவுக்கே பிரியாணி சொல்லியாச்சாம். "டாக்டரம்மா, மாத்திரை எழுதித் தருவியா"ன்னு பக்கத்து வீட்டு சபிஹா கேட்டுச்சாம். காலேஜ்ல வேலை தயாரா இருக்கு, பட்டம் மட்டும் வந்தாப் போதும். நான் என்னத்தைச் சொல்ல? ராத்திரி மழை பேஞ்சுது, டாக்டர் கரைஞ்சுட்டேன்னா?

நாகம்மாள்: ஃபேன்... பாப்பா, ஃபேன் சுத்துது! கரண்ட் வந்துடுச்சு!

இர்ஃபானா: மணி என்ன?

நாகம்மாள்: பத்து இருபது. எந்திரிங்க, இன்னும் நேரம் இருக்கு. அந்தக் கரண்ட்ல சூடாகுற தட்டு காய அஞ்சு நிமிஷம், கறுக்க பத்து நிமிஷம், ஆற அஞ்சு நிமிஷம்.

இர்ஃபானா: கணக்கெல்லாம் சரியாச் சொல்றீங்க.

நாகம்மாள்: நீங்க பண்றதைப் பாத்திருக்கேன்ல...

இர்ஃபானா: ஆற எத்தனை நிமிஷம் ஆகும்னு நானே ஒருநாளும் பாத்தது இல்ல.

நாகம்மாள்: கோவிச்சுக்காதீங்க. நான்தான் பாப்பா. தினமும் ஏழரைக்கு நான் பெருக்க வர்றப்ப அது மஞ்சளாத்தான் இருக்கும். ஒருநாள்கூட நின்னது இல்ல. தட்டுல வச்சுக் கறுப்பாக்கி, ஆறவிட்டு, நீங்க வர்றதுக்குள்ள டப்பாவுல வச்சு மூடிடுவேன். இன்னிக்குத்தான் கரண்ட் கழுத்தறுத்துடுச்சு.

இர்ஃபானா: எட்டு மாசமாவா?

நாகம்மாள்: பதினாறாவது மஞ்சளான அன்னிக்கு நீங்க பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதீங்க. வெளியில நான் மாப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன். தண்ணிச் சத்தத்துக்கு மேல கேக்குது. மறுநாளே பதினேழும் மஞ்சளாயிடுச்சு... எனக்கு மனசு கேக்கல. கறுப்பா இருந்தா பாஸ், மஞ்சளா இருந்தா ஃபெயில், அவ்ளோதான்னு நினைச்சேன். இதுக்குப் போய் புஸ்தகம் எழுதுவாங்க, டெல்லியில இருந்து ஆள் வரும்னு எனக்கு என்ன தெரியும்? உங்க படிப்பையே நான் கெடுத்துட்டேனா?

இர்ஃபானா: வெறுங்கையாலயா தொட்டீங்க?

நாகம்மாள்: இல்ல இல்ல. ஈயம்னு நீங்க சொல்லியிருக்கீங்கல்ல. கிளவுஸ் போட்டுத்தான். மொத நாள் போட்டது சின்னது, என் கை நுழையாம கிழிஞ்சு போச்சு. அப்புறம் தட்டுப் பக்கத்துலயே பெருசா ஒரு பெட்டி இருந்துச்சு. தீரத் தீரப் புதுசு வரும். ஆபீஸ்ல வாங்கிப் போடுறாங்கபோல.

இர்ஃபானா: டெல்லி போற ரயில் விழுப்புரம் தாண்டுறதுக்குள்ள இது மஞ்சளாயிடும்.

நாகம்மாள்: அப்ப வேணாமா? விட்டுடலாமா? நான் வேணா சார்கிட்ட போய் உண்மையைச் சொல்லிடுறேன். என்னை வேலையை விட்டுத் தூக்கினாத் தூக்கட்டும்... என்ன பாப்பா அப்படிப் பாக்குறீங்க?

இர்ஃபானா: ஆபீஸ்ல ஒரு பேனாகூட வாங்கித் தர மாட்டாங்கக்கா. எட்டு மாசமா இந்த லேபுல வேலை பாக்குறது நான் ஒருத்திதான், எனக்குச் சின்ன சைஸ். காலையில நான் வர்றப்ப அந்தத் தட்டு வெதுவெதுன்னு இருக்கும்... பெரிய சைஸ் யார் கைக்குன்னு வாங்கி வாங்கி வச்சேன்? போட்டுக்குங்க. நூத்தம்பதுல வைங்க, நீங்க குறைச்சு வைக்கிறதாலதான் ஓரத்துல எப்பவும் கொஞ்சம் மஞ்சள் நின்னுடுது.