ஞாயிற்றுக்கிழமை வெளியாக வேண்டியது

போனுக்கு உறை போடுவது எனக்குப் பிடிக்காது. கைக்கு அடக்கமாக ஒரு பொருளைச் செய்ய யார் யாரோ மண்டையைப் பிய்த்துக்கொண்டிருப்பார்கள். நாம் அதற்கு ரப்பரில் ஒரு சட்டையை மாட்டிவிட்டு, கனமாக இருக்கிறதே என்று குறைப்பட்டுக்கொள்வோம். உள்ளே உண்டாகும் சூடும் வெளியேற வழியில்லாமல் அங்கேயே தங்கிவிடும். இதைப் பற்றி என் இணையப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். மேசைமேல் இருக்கும் உங்கள் போனுக்கும் உறை போட்டிருக்கிறீர்கள். முடிந்தால் கழற்றிவிடுங்கள்.

கருத்துச் சொல்வது எனக்குப் பழகிப்போன விஷயம். தொலைபேசி நிலையத்தில் புகார்ப் பிரிவில் இருந்தேன். நிலையத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பிய பிறகு, கை சும்மா இருக்கவில்லை. இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினேன். புதிதாக வந்த போன், ஏறிவிட்ட கட்டணம், பாதி நாள் படுத்துக்கிடந்த இணைப்பு, எந்தச் செய்தித் தளம் எதை ஊதிப் பெரிதாக்கியது என்று காலையில் படிக்கிற எல்லாவற்றைப் பற்றியும் எனக்குத் தோன்றுவதை எழுதுவேன். "ஊர்ல இருக்கிற டவருக்கெல்லாம் நீங்கதான் காவலா?" என்று என் மனைவி கேட்பாள். கேட்டுவிட்டு காபியைக் கொண்டுவந்து வைப்பாள்.

நான் சொன்னதெல்லாம் பலித்தது என்று சொல்ல மாட்டேன். முகம் பார்த்துப் பேசும் அழைப்பு நிலைக்காது என்று எழுதினேன். வீட்டில் தலை சீவாமல் இருக்கிறவன் அதை எப்படி எடுப்பான் என்பது என் வாதம். பொத்தான் இல்லாத போனை வயதானவர்கள் கையால் தொட மாட்டார்கள் என்றேன். போனில் செய்தி படிக்கப் போனவர்கள் கண் எரிந்து மறுபடி தாளுக்கே வந்துவிடுவார்கள் என்றும் எழுதினேன். காரணங்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. ஜனங்கள்தான் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள்.

இருந்தாலும் எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு சார்ஜர் வாங்குவதாக இருந்தால்கூட முதலில் என்னைக் கேட்பார்கள். அதைத் தொடங்கிவைத்தவள் என் தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவளை வளர்த்து ஆளாக்கியது நான்தான். "அண்ணனைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்பது அவள் வாயிலிருந்து தானாக வரும். காய்கறிக்காரரிடம்கூட ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு வந்தாள் என்று வீட்டில் கேலி செய்வோம். அவளுக்குக் கல்யாணமான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். சிரித்த முகம். தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்வேன்.

அவர்தான் என்னைக் கேட்காமல் அந்தப் போனை வாங்கினார். விலை மலிவு, படம் பளிச்சென்று விழும், எவனோ ஒருவன் வீடியோவில் ஆகா ஓகோ என்று புகழ்ந்திருக்கிறான். தங்கை மகளின் பிறந்தநாளன்று கேக் வெட்டிய கையோடு எடுத்துவந்து எல்லோரிடமும் காட்டினார். நான் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இந்த ரகத்தைப் பற்றி வெளியூர்ச் செய்திகளில் கொஞ்சம் படித்திருந்தேன்.

"இதோட பேட்டரி தாங்காது மாப்பிள்ளை. வருஷம் திரும்பறதுக்குள்ள உப்பிடும்" என்றேன்.

"மச்சான் பேச்சைக் கேட்டா நாம இன்னும் புறா கால்லதான் சீட்டுக் கட்டி அனுப்பிட்டிருப்போம்" என்றார் அவர்.

கூடமே சிரித்தது. என் மனைவி சிரித்தாள். பிள்ளைகள் எதற்கென்று தெரியாமல் சிரித்தன. தங்கையும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு, என் பக்கம் பார்க்காமல். அதுதான் எனக்கு வலித்தது. மற்றவர்கள் சிரித்ததை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

மறுநாள் பக்கத்தில் எழுதினேன். இந்தப் போனின் பேட்டரி ஒரு வருடத்துக்குள் உப்பும், கவனிக்காமல் விட்டால் தீப்பிடிக்கவும் கூடும் என்று. கீழே வந்து விழுந்த பதில்களை நீங்களே படித்திருப்பீர்கள். 'பெருசு, மாத்திரை போட்டாச்சா' என்று ஒருவர். 'புறாவுக்குச் சார்ஜ் போடத் தேவையில்லை' என்று இன்னொருவர். அந்தப் புறா அங்கே எப்படிப் பறந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளை தன் நண்பர்களிடம் சொல்லியிருப்பார்.

அந்தக் கூட்டத்தில் எனக்காகப் பேசியது ஒரே ஒரு ஆள். 'மழைத்துளி' என்று பெயர் போட்டுக்கொண்டவர். 'சரியாகச் சொன்னீர்கள் ஐயா. யார் சிரித்தாலும் எழுதுவதை நிறுத்த வேண்டாம்' என்று எழுதியிருந்தார். அதன்பின் நான் எதை எழுதினாலும் முதலில் வந்து நிற்பது மழைத்துளிதான். ஒருநாள் நீளமாக ஏதோ எழுதியிருந்தேன். 'கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு எழுதுங்கள் ஐயா' என்று பதில் வந்தது. சொட்டு மருந்து விஷயத்தை நானே எப்போதாவது பக்கத்தில் சொல்லியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு காத்திருந்தேன். தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் போனை எடுத்து, மேசையில் நிமிர்த்திப் போட்டு, விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவேன். பின்பக்கம் தட்டையாக இருந்தால் சுற்றாது, இழுபட்டு நின்றுவிடும். அது ஒவ்வொரு தடவையும் நின்றது. "மாமா போன்ல பம்பரம் விடறாரு" என்று தங்கை மகள் கைதட்டுவாள். எனக்கோ ஏமாற்றமாக இருக்கும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

வருடம் திரும்புவதற்குக் கொஞ்சம் முன்னால் மாப்பிள்ளையே போனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே முகம் சுருங்கியிருந்தது.

"மச்சான், பின்னாடி லேசாத் தூக்கின மாதிரி இருக்கு. நீங்க அன்னைக்கே சொன்னீங்க. நான்தான் கேக்கல" என்றார்.

மேசையில் போட்டுச் சுற்றிவிட்டேன். அழகாகச் சுற்றியது.

அவர் தப்பை ஒத்துக்கொண்டாரே, அதோடு விட்டிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். நானும் அதை யோசித்தேன். ஆனால் சிரித்தது கூடத்தில், அத்தனை பேர் முன்னால். ஒத்துக்கொண்டதோ என் அறையில், என் ஒருவனிடம். புதுப் பேட்டரி போட்டுக் கொடுத்துவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். மறுபடி எல்லோரும் கூடும்போது அவர் சிரித்துக்கொண்டு வேறு கதை சொல்வார். உப்பிய பேட்டரி யாருக்கும் செய்தியாகாது. புகைந்தால்தான் திரும்பிப் பார்ப்பார்கள். ஊடகத்தைப் பற்றி இத்தனை காலம் எழுதியவனுக்கு அது தெரியாமல் போகுமா.

அவரைக் காபி குடிக்கச் சொல்லி உள்ளே அனுப்பினேன். போனை ஜன்னலோரம் கொண்டுபோய் நல்ல வெளிச்சத்தில் பக்கவாட்டில் படம் எடுத்தேன். பின்மூடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி தெளிவாக விழுந்தது. பிறகு இழுப்பறையில் கிடந்த உறைகளில் இறுக்கமான ஒன்றை எடுத்து, கட்டை விரலால் அழுத்தி மாட்டினேன். சுலபமாக ஏறவில்லை. அழுத்த வேண்டியிருந்தது.

"ஒண்ணுமில்ல மாப்பிள்ளை. உறை போட்டுட்டேன், அமுங்கிடும். நல்லா முழுசாச் சார்ஜ் போட்டு வச்சுக்கங்க" என்றேன்.

"நீங்க சொன்னாச் சரி மச்சான்" என்றார். முகம் தெளிந்துவிட்டது. போகும்போது என் மனைவியிடம் வழக்கம்போல ஏதோ கிண்டல் பேசிவிட்டுப் போனார். தெரிந்தே நான் சொன்ன தவறான கருத்து அது ஒன்றுதான். மற்றவையெல்லாம் தெரியாமல் சொன்னவை.

போன் மாப்பிள்ளையுடையது, அவர் மேல்தானே உங்களுக்குக் கோபம் என்று கேட்டீர்கள். முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். வாங்கியவர் அவர். வைத்திருந்தவள் தங்கை. அவளுக்காகத்தான் அதை வாங்கினார். ஆசையாக வாங்கிக் கொடுத்தார்.

அவளுக்கு ஒன்று ஆக வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. சமையலறை மேடையில் கிடந்து புகையும், ஒரு துணி கருகும், எல்லோரும் பதறி எனக்குப் போன் செய்வார்கள், நான் போய், எதைத் தொட வேண்டும் எதைத் தொடக் கூடாது என்று சொல்லுவேன் என்று நினைத்தேன். அவள் அதை எங்கே வைத்துச் சார்ஜ் போடுவாள் என்று யோசிக்கவில்லை. அன்றே உட்கார்ந்து பதிவையும் எழுதி முடித்தேன். பேட்டரி உப்பினால் உடனே அணைத்துவிடுங்கள், சார்ஜ் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், உறை மாட்டாதீர்கள், படுக்கைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், பழுது பார்ப்பவரிடம் ஒப்படையுங்கள். எல்லாமே சரியான ஆலோசனைகள். எடுத்த படத்தையும் சேர்த்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் தானாக வெளியாகும்படி நேரம் வைத்தேன். ஞாயிறு என்றால் நாலு பேர் கூடுதலாகப் படிப்பார்கள்.

வியாழக்கிழமை மழைத்துளி ஒரு கேள்வி கேட்டிருந்தார். 'ஐயா, ஒரு சந்தேகம். பின்மூடி தூக்கிய போனை உறை போட்டு வைத்துக்கொள்ளலாமா? ஆபத்து ஒன்றும் இல்லையே? வீட்டில் குழந்தை இருக்கிறது.'

நான் பதில் எழுதினேன். 'நல்ல கேள்வி. இதைப் பற்றியே ஞாயிற்றுக்கிழமை விரிவாக வருகிறது. காத்திருங்கள்.'

கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். தங்கைக்கு மருத்துவமனை வரவேற்பில் இரவுப் பணி. காலையில் வந்து, மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, வெளிச்சம் வராமல் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவாள். மகளை அழைத்துவர எழுப்புவதற்காகப் போன் தலையணைப் பக்கத்தில் சார்ஜில் இருக்கும். பஞ்சு மெத்தை. தீயைவிடப் புகைதான் அதிகம் என்று மருத்துவர் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கதவை உடைத்துவிட்டு மாப்பிள்ளைக்குப் போன் போட்டிருக்கிறார்கள். அவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கியிருந்தார், சிக்னல் கிடைக்கவில்லை. பிறகுதான் எனக்குச் சொன்னார்கள். அவளைப் பார்த்தேன். அதைப் பற்றி என்னால் பேச முடியாது. நான் அழுதது நடிப்பு இல்லை. அந்தக் களேபரத்தில் பிள்ளையை எல்லோரும் மறந்துவிட்டோம். பள்ளிக்கூட வாசலில் காவலாளி பக்கத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை எல்லாம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சொந்தபந்தமெல்லாம் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருந்தது. பிறந்தநாளுக்குச் சிரித்த அதே கூடம். நேரம் வைத்திருந்த பதிவை நான் அடியோடு மறந்துவிட்டேன். சித்தப்பா மகன் ஒருவன் தன் போனைப் பார்த்துவிட்டு, எழுந்து போய் மாப்பிள்ளையிடம் நீட்டினான். அவர் வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். பின்மூடி ஓரத்தில் ஒரு தங்கநிற நட்சத்திரம் ஒட்டியிருந்தது, மகள் ஒட்டிய ஸ்டிக்கர். படம் எடுக்கும்போது வெளிச்சத்தைப் பார்த்தேன், கோணத்தைப் பார்த்தேன். நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை.

அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இது எப்ப எடுத்த படம் மச்சான்?"

"நீங்க வந்தன்னைக்கு."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அவளுக்கு மனசு கேக்கல. 'உங்க மேல இருக்கிற கோவத்துல அண்ணன் ஏதாவது சொல்லியிருப்பாரு, எழுத்துல கேட்டாப் பொய் சொல்ல மாட்டாரு'ன்னா. பிறந்தநாள் அன்னைக்கு வீட்ல எல்லாரும் போனதும் என்னைத் திட்டித் தீர்த்தா. மறுநாள்லேருந்து ஒரு பேரு வச்சுக்கிட்டு உங்க பக்கத்துல எழுத ஆரம்பிச்சா. அதுலயே கேட்டா. நீங்க ஞாயித்துக்கிழமை சொல்றேன்னு போட்டீங்க. வேண்டாம், அணைச்சு வச்சிடுன்னு நான் சொன்னேன். 'ஆபத்துன்னா எங்கண்ணன் உடனே சொல்லியிருப்பாரு, ஞாயித்துக்கிழமை வரைக்கும் காக்க வைக்க மாட்டாரு'ன்னா."

அதன்பின் அவர் என்னிடம் பேசவில்லை. இனிப் பேச மாட்டார். என் மனைவி பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அந்த வீட்டுக்கே போய்விட்டாள். திரும்பி வர மாட்டேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினாள்.

மழைத்துளி யார் என்று தெரியாது என்று நேற்று உங்களிடம் சொன்னேன். வாக்குமூலத்தில் அதை மாற்றி எழுதிக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து விஷயம் உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். என் மனைவி என் பக்கத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டாள். வியாழக்கிழமை அந்தக் கேள்வியைப் படித்தபோது, எழுதியது யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் அம்மா, அணைத்துவிடு என்று அங்கேயே எழுதியிருக்கலாம். எழுதினால் ஞாயிற்றுக்கிழமைப் பதிவுக்கு ஒன்றும் மிஞ்சியிருக்காது.

பதிவை எடுத்துவிடும்படி மாப்பிள்ளை உங்கள் மூலம் கேட்டிருக்கிறார். நான் எழுதியதிலேயே அதிகம் பேர் படித்தது அதுதான். கீழே ஒருவர்கூடக் கேலி செய்யவில்லை. அதை நான் எடுக்கப்போவதில்லை. அதைப் படித்து எங்கேயாவது ஒரு உயிர் பிழைக்கலாம். நான் எழுதுவதே அதற்காகத்தான்.