முதல் கரண்டி

உலக நலன் கருதி, வரலாற்றுச் சிறப்பு மிக்க ஓர் அறிவிப்பை இந்த மேடையிலிருந்து வெளியிடுகிறேன்: நான் டயர் கடை வைத்திருப்பவன்.

உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் மாதாமாதம் இந்த வாடகை மண்டபத்தில், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பெற்ற உங்கள் முன்னால் நின்று குடல், கோதுமை, வைட்டமின், குடலைச் சுத்தமாக்கும் பொடி என்று நான் முழங்கியதில் உங்களுக்கும் அது மறந்துபோயிற்று, எனக்கும் மறந்துபோயிற்று. 'பொடி சார்' என்று கூப்பிட்டீர்கள். முதுகு தானாக நிமிர்ந்தது. கடையில் என்னை யாரும் சார் என்பதில்லை. "அண்ணே, பின்னாடி காத்து கம்மியா இருக்கு" என்பதோடு சரி.

போன கூட்டத்தில் ஒன்று சொன்னேன். பொடி கொடுக்கத் தொடங்கிய பிறகு என் மகன் முதன்முதலாக வாய் திறந்து ஒரு வார்த்தை பேசினான் என்று. கைதட்டினீர்கள். பின்வரிசையில் ஓர் அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் சொன்னது பொய்யில்லை. அவன் பேசினான். விட்டுப்போன மீதியைச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் மகன் குட்டி சாப்பிட்டதே மூன்று பொருள்தான். பால், ரொட்டி, மசித்த உருளைக்கிழங்கு. பாலும் கோதுமையும்தான் இந்தப் பிள்ளைகளின் மூளைக்கு எதிரி என்று ஒரு வீடியோவில் ஒருவர் சொன்னார். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். கோட்டு கடையில் கிடைக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினேன். மருத்துவமனையின் உணவு ஆலோசகர் முன்பே சொல்லியிருந்தார்: "சாப்பிடறதை எதையும் பிடுங்காதீங்க. புதுசா ஒண்ணை மெதுவா சேர்த்துப் பாக்கலாம்." நல்ல யோசனை. ஆனால் 'மெதுவா' என்பதை வைத்துக்கொண்டு மேடையில் என்னத்தைப் பேசுவது?

"மூணுல ரெண்டு போச்சு. இனி என்னங்க குடுக்கறது?" என்றாள் மனைவி.

"குடல் சுத்தமாகட்டும். அதுவா பசிக்கும்."

அவள் அண்ணன், எப்போதும் வாய் சும்மா இராதவர், சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே சொன்னார்: "மாப்ள, டயருக்குக்கூட எவ்வளவு காத்துன்னு பாத்துத்தானே அடிக்கிறீங்க?"

நான் சிரித்தேன். பெரிய மனிதர்கள் இந்த மாதிரிப் பேச்சுக்குச் சிரித்துவிட்டுப் போவது வழக்கம்.

மிஞ்சியது உருளைக்கிழங்கு. அதை அவன் சாப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. கிண்ணம் வந்ததும் முகர்ந்து பார்ப்பான். பிறகு அம்மாவைப் பார்ப்பான். அவள் மேலாக ஒரு கரண்டி எடுத்துத் தன் வாயில் போட்டு, மென்று, விழுங்கி, வாயைத் திறந்து காட்டுவாள். அதன் பிறகுதான் அவன் வாய் திறப்பான். வருடக்கணக்காகப் பழக்கி அவள் சம்பாதித்த நம்பிக்கை அது. வெளியில் பார்ப்பவர்களுக்கு விளையாட்டு மாதிரி இருக்கும்.

பொடி கசப்பு. மேலாகக் கலந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும், சண்டைக்கு வருவாள். ஆகவே அவள் கை கழுவப் போன நேரத்தில் கிண்ணத்தின் அடியில் கலந்து, மேலே நல்ல கிழங்கை மூடி, கரண்டியின் பின்பக்கத்தால் மட்டமாகத் தடவி வைத்தேன். பஞ்சர் ஒட்டுகிறவன் கை, தடம் தெரியாது.

அவள் முதல் கரண்டியைத் தின்று காட்டினாள். அவன் இரண்டாவதை வாங்கிக்கொண்டான். மூன்றாவதையும் வாங்கினான். அடுத்தது அடியிலிருந்து வந்தது.

அவன் துப்பவில்லை. வாயில் வைத்தபடியே அம்மாவின் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். அவள் ஒன்றும் புரியாமல் ஓரத்தில் மேலாக இன்னொரு கரண்டி எடுத்துத் தின்று, வாயைத் திறந்து காட்டினாள். அப்போதுதான் பேசினான்.

"வேணாம்மா."

அதுதான் நீங்கள் கைதட்டிய வார்த்தை.

அவள் அழுதாள், சந்தோஷத்தில். பிள்ளை அம்மா என்று சொல்லிவிட்டானே. நான் அடுத்த கூட்டத்துக்கான பேச்சை மனதுக்குள் தொடங்கிவிட்டேன். அன்றிலிருந்து அவள் கையால் அவன் எதையும் வாங்கவில்லை. பாலைத் திரும்பக் கொண்டுவந்தோம், ரொட்டியைக் கொண்டுவந்தோம். அவள் தின்று காட்டத் தொடங்கினாலே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். போன கூட்டத்தில் நான் உங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்ட அன்றைக்கே அவன் எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. இப்போது மருத்துவமனையில் இருக்கிறான். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருக்கிறார்கள்.

"சாப்பாட்டுல புதுசா ஏதாவது கலந்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். யார் ஊட்டுவது என்று கேட்டார். அவன் அம்மா என்றேன். அதுவும் பொய்யில்லை.

அவள் கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். "அன்னிக்குக் கிழங்கு கெட்டுப்போயிருந்துச்சோ? நான்தான் கவனிக்காம விட்டுட்டேனோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்கிறாள். இருக்கலாம் என்றேன்.

ஆகவே வீட்டுக்குப் போனதும் அந்தப் பொடி டப்பாக்களை எடுத்துத் தூரப் போடுங்கள். பிள்ளையின் சாப்பாட்டில் கை வைக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள், என்னைக் கேட்காதீர்கள். பொடி கலந்தது நான். மறைத்தது நான். உங்கள் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டதில் மனது லேசாகிவிட்டது.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அங்கே மைக் இல்லை.